அந்தப் பொண்ணு யாரைத் திட்டுறா?

2016இல் ஒரு சாயங்காலம். நான் டிவியில் டென்னிஸ் பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா பக்கத்தில் தரையில் செய்தித்தாளை விரித்துப் போட்டு முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். அம்மாவுக்கு டென்னிஸ் தெரியாது. பதினைந்து, முப்பது, நாற்பது என்று ஏன் இப்படி எண்ணுகிறார்கள் என்று ஒருமுறை கேட்டார், நான் சொன்ன விளக்கம் பிடிக்காமல் விட்டுவிட்டார். ஆனால் முகங்களைப் பார்ப்பார். அன்றும் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்: "ஏண்டி, அந்தப் பொண்ணு யாரைத் திட்டுறா? எதிர்ல ஆடுறவளயா?"

"இல்லம்மா, தன்னையே திட்டிக்கிறா."

"ஏன்? நல்லாத்தானே ஆடுறா?"

அந்தப் பெண் சிமோனா ஹாலெப். ருமேனியாக்காரர். அப்போதே உலகின் முதல் ஐந்து பேரில் ஒருவர். பந்து ஒரு விரற்கடை வெளியே போனால் போதும், கையை விரித்துக்கொண்டு, பயிற்சியாளர் உட்கார்ந்திருக்கும் பக்கம் திரும்பி ஏதோ முணுமுணுப்பார். தோள் தொங்கிப்போகும். அடுத்த நான்கு பாயின்ட் சடசடவென்று போய்விடும். அம்மா கேட்ட கேள்விக்கு அன்று என்னிடம் பதில் இல்லை. எனக்கும் அந்தப் பழக்கம் உண்டு. அலுவலகத்தில் ஒரு சின்னத் தப்பு நடந்தால் மூன்று நாள் அதையே நினைத்து என்னை நானே கரித்துக்கொட்டுவேன். அதனால்தானோ என்னவோ, அந்த நாளிலிருந்து ஹாலெப் ஆடும் மேட்ச் எதையும் முடிந்தவரை தவறவிட்டதில்லை. 2025 பிப்ரவரி 4 அன்று அவர் ஓய்வு பெற்றார். அவரைப் பற்றி நிதானமாக ஒரு பதிவு எழுத வேண்டும் என்று அன்றே நினைத்தேன்.

கருங்கடல் ஓரம் கான்ஸ்டான்ட்சா என்று ஒரு துறைமுக நகரம். ருமேனியாவின் பழைய ஊர்களில் ஒன்று. 1991 செப்டம்பர் 27 அன்று அங்கே பிறந்தார் ஹாலெப். குடும்பம் ஆருமேனியர் என்ற சிறுபான்மை இனத்தைச் சேர்ந்தது. பால்கன் மலைகளில் ஆடு மேய்த்துத் திரிந்த மக்களின் வழிவந்தவர்கள். கால்பந்து வீரர் கியோர்கி ஹாஜியும் அதே இனம், அதே மாவட்டம். அப்பா ஸ்டெரே உள்ளூர் அளவில் கால்பந்து ஆடியவர், பிறகு பால் பொருள் தொழிலில் இறங்கினார். அண்ணன் டென்னிஸ் பழகப் போனபோது பின்னாலேயே போனவள்தான் நான்கு வயது சிமோனா. அண்ணன் விட்டுவிட்டார், தங்கை விடவில்லை.

பதினாறு வயதில் வீட்டை விட்டுத் தலைநகர் புக்கரெஸ்டுக்குப் போனார். 2008இல் பிரெஞ்ச் ஓபன் ஜூனியர் பட்டம். இறுதிப் போட்டியில் எதிரில் நின்றதும் ஒரு ருமேனியப் பெண்தான், எலெனா போக்தான். ஜூனியர் தரவரிசையில் ஹாலெப் முதலிடம். அடுத்த வருடம், பதினேழு வயதில், மார்பகத்தின் அளவைக் குறைக்கும் அறுவை சிகிச்சை செய்துகொண்டார். பாரத்தால் முதுகு வலிக்கிறது, பந்துக்கு வேகமாக நகர முடியவில்லை என்பது காரணம். விளையாட்டு வீராங்கனையாக இல்லாவிட்டாலும் இதைச் செய்திருப்பேன் என்று பிறகு சொன்னார். தன் உடம்பைப் பற்றி ஒரு பெண் எடுத்த தெளிவான முடிவு இது. ஆனால் பல வருடங்கள் அவர் பெயரோடு இந்தச் செய்தியைக் கிளுகிளுப்பாகச் சேர்த்தே எழுதினார்கள். ஒரு மேட்ச் முடிவைத் தேடப் போனால் அந்தத் தலைப்புகள்தான் முதலில் வரும். எனக்கு அப்போதெல்லாம் கோபம் கோபமாக வரும்.

அவர் ஆட்டத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். உயரம் 168 சென்டிமீட்டர். இன்றைய மகளிர் டென்னிஸில் இது குள்ளம் என்றே சொல்லலாம். சர்வ் ஒரு ஆயுதமாக இருக்க வாய்ப்பில்லை. முதன்முதலாகப் பார்ப்பவருக்கு இவர் ஓடி ஓடிப் பந்தைத் திருப்பி அனுப்புகிறார், அவ்வளவுதான் என்று தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. இரண்டு மூன்று மேட்ச் பார்த்த பிறகுதான் கண்ணுக்குப் பிடிபட்டது. பந்து எழும்பும்போதே எடுத்துவிடுவார். எதிராளி எவ்வளவு வேகமாக அடிக்கிறாரோ அதே வேகத்தை வாங்கிக்கொண்டு திசையை மட்டும் மாற்றுவார். குறுக்காக, குறுக்காக என்று பேக்ஹேண்ட் ஆடிக்கொண்டே இருந்துவிட்டு, எதிராளி அந்தப் பக்கம் ஒரு அடி கூடுதலாக நகர்ந்த நொடியில் கோட்டை ஒட்டி நேராக ஒரு பேக்ஹேண்ட் அடிப்பார். செம்மண்ணில் வழுக்கிக்கொண்டே போய் அடிக்கும்போது அடியும் நிறுத்தமும் ஒன்றாக முடியும். ஓட்டத்தில் ஒரு துளி வீண் கிடையாது.

பெரியவர்கள் டென்னிஸில் அவர் மெதுவாகத்தான் மேலே வந்தார். 2013 மே மாதம் ரோம் போட்டிக்கு வரும்போது தரவரிசை 64. தகுதிச் சுற்றிலிருந்து ஆடி அரையிறுதி வரை போனார். அதற்குப் பிறகு நடந்ததை இன்று நினைத்தாலும் நம்ப முடியவில்லை. ஜூனில் நியூரம்பர்க்கில் செம்மண்ணில் முதல் பட்டம். அடுத்த வாரமே நெதர்லாந்தில் புல்தரையில் இரண்டாவது. பிறகு புடாபெஸ்ட், நியூ ஹேவன், மாஸ்கோ, சோஃபியா. அதுவரை ஒரு பட்டம்கூட இல்லாதவர் ஒரே வருடத்தில் ஆறு பட்டங்கள் எடுத்தார், அதுவும் மூன்று வகைத் தரைகளிலும்.

2014இல் பிரெஞ்ச் ஓபன் இறுதிப் போட்டி. எதிரில் மரியா ஷரபோவா. மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓடிய மேட்ச், 6-4, 6-7, 6-4 என்று ஷரபோவாவுக்குப் போனது. தோற்றவர் மேல் யாருக்கும் வருத்தமில்லை, 22 வயதுதானே, இன்னும் காலம் இருக்கிறது என்றார்கள். ஆகஸ்டில் உலகின் இரண்டாம் இடம். அக்டோபரில் சிங்கப்பூரில் நடந்த ஆண்டிறுதிப் போட்டியில் செரீனா வில்லியம்ஸை 6-0, 6-2 என்று அடித்தார். அதே வாரம் இறுதிப் போட்டியில் மறுபடி மோதியபோது செரீனா 6-3, 6-0 என்று திருப்பிக் கொடுத்தார். அடுத்த வருடம் இந்தியன் வெல்ஸ் பட்டம். அதே வருடம் யு.எஸ். ஓபன் அரையிறுதியில் ஃப்ளாவியா பென்னெட்டாவிடம் ஒரு மணி நேரத்துக்குள் தோல்வி. பெரிய மேடை வரை வருவதும் அங்கே கால் பின்னுவதும் ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது.

இந்தக் கட்டத்தில்தான் டாரன் காஹில் வருகிறார். ஆஸ்திரேலியாக்காரர். லேட்டன் ஹெவிட்டையும் ஆண்ட்ரே அகாசியையும் பயிற்றுவித்தவர். ஹாலெப்பின் அடிகளில் அவருக்குப் பெரிய குறை எதுவும் தெரியவில்லை. குறை எல்லாம் ஒரு பாயின்ட்டுக்கும் அடுத்த பாயின்ட்டுக்கும் நடுவில் இருக்கும் இருபது விநாடியில் இருந்தது. ஒரு பாயின்ட் போனால் அடுத்த பாயின்ட்டுக்குள் தன்னைப் பிடித்துத் தின்றுவிடுவார்.

2017 மார்ச், மயாமி, காலிறுதி. ஜொஹானா கோன்டாவுக்கு எதிராக முதல் செட்டை எடுத்த பிறகு மேட்ச் கை நழுவத் தொடங்கியது. அந்தக் காலத்தில் மகளிர் போட்டிகளில் பயிற்சியாளர் கோர்ட்டுக்குள் வந்து பேச அனுமதி உண்டு, பேசுவது டிவியிலும் கேட்கும். காஹில் வந்து உட்கார்ந்து என்ன சொன்னாலும் ஹாலெப் தலையை ஆட்டி, நான் மோசம், என்னால் முடியாது என்ற பாட்டையே பாடிக்கொண்டிருந்தார். தோற்றார். அந்த மேட்சுக்குப் பிறகு காஹில் விலகிக்கொண்டார்.

அவர் விலகியது கோபித்துக்கொண்டு அல்ல. இந்த மனநிலையோடு இருந்தால் நான் உனக்குச் சொல்லித்தர ஒன்றும் இல்லை என்று நேராகச் சொல்லிவிட்டுப் போனார். ஹாலெப்பே பிறகு பல பேட்டிகளில் இதை ஒளிக்காமல் பேசியிருக்கிறார். அந்த உலுக்கல் தனக்குத் தேவைப்பட்டது என்றார். மனநல நிபுணரிடம் போனார். கோர்ட்டில் முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்பதிலிருந்து பழகினார். சில வாரங்களில் மாற்றம் தெரிந்தது, காஹில் திரும்பி வந்தார். மே மாதம் மாட்ரிட் பட்டம்.

என்னைக் கேட்டால் ஹாலெப்பின் வாழ்க்கையில் மிகப் பெரிய வெற்றி இந்தச் சில வாரங்கள்தான். இதற்குக் கோப்பை கிடையாது, பட்டங்களின் பட்டியலிலும் வராது. இருபத்தைந்து வயதில், உலகின் முதல் ஐந்து பேரில் ஒருவராக இருந்துகொண்டு, "என் பழக்கம் தப்பு, நான் மாற வேண்டும்" என்று உலகத்துக்கு முன்னால் ஒப்புக்கொண்டு மாறுவது லேசான காரியமா?

ஆனால் மனசு மாறியதும் வரம் கிடைத்துவிடவில்லை. அந்த வருடம் அவரைப் புரட்டி எடுத்தது.

பிரெஞ்ச் ஓபன் காலிறுதியில் எலினா ஸ்விட்டோலினாவிடம் 3-6, 1-5 என்று பின்தங்கி, இன்னும் ஒரு பாயின்ட் போனால் தோல்வி என்ற மேட்ச் பாயின்ட் ஒன்றையும் தப்பித்து, 3-6, 7-6, 6-0 என்று ஜெயித்தார். பழைய ஹாலெப்பாக இருந்தால் 1-5இல் மேட்ச் முடிந்திருக்கும். ஜூன் 10, சனிக்கிழமை, இறுதிப் போட்டி. எதிரில் லாட்வியாவின் யெலேனா ஓஸ்டபென்கோ, வயது 20, தரவரிசை 47. ஹாலெப் முதல் செட்டை 6-4 என்று எடுத்து, இரண்டாவதில் 3-0 முன்னிலை. 4-0 ஆக்கும் வாய்ப்பும் வந்தது. அந்த ஒரு கேம் கிடைத்திருந்தால் கோப்பை வந்த மாதிரிதான், கூடவே உலகின் முதலிடமும் வந்திருக்கும். ஓஸ்டபென்கோவோ இழக்க எதுவும் இல்லாதவர் போலக் கண்ணை மூடிக்கொண்டு அடித்தார். மேட்ச் முழுக்க நேரடியாக அடித்து வென்ற பாயின்ட்கள் அவருக்கு 54, ஹாலெப்புக்கு 8. மூன்றாவது செட்டில் ஹாலெப் 3-1 என்று மறுபடி முந்தினார், மறுபடி கைவிட்டார். முக்கியமான கட்டத்தில், வெளியே போக இருந்த ஓஸ்டபென்கோவின் ஒரு பந்து வலையின் விளிம்பில் பட்டு மேலே எழும்பி ஹாலெப் பக்கம் கோட்டுக்குள் விழுந்தது. ஹாலெப் அதைப் பார்த்துக்கொண்டு நின்ற விதம் எனக்கு இன்னும் கண்ணில் இருக்கிறது. 4-6, 6-4, 6-3.

நான் டிவியை அணைத்துவிட்டுப் போய்ப் படுத்துவிட்டேன். சாப்பாடு வேண்டாம் என்றேன். அம்மா ஒன்றும் கேட்கவில்லை.

அடுத்து விம்பிள்டன் காலிறுதி. ஜெயித்தால் முதலிடம். மறுபடி கோன்டா, மறுபடி தோல்வி. ஆகஸ்டில் சின்சினாட்டி இறுதிப் போட்டி. ஜெயித்தால் முதலிடம். கார்பினே முகுருசாவிடம் 6-1, 6-0 என்று தோல்வி. ஒரே ஒரு வெற்றி தூரத்தில் வந்து மூன்று முறை வாசலில் நின்று திரும்பினார். யு.எஸ். ஓபனில் குலுக்கலில் முதல் சுற்றிலேயே எதிரில் ஷரபோவா வந்தார், அங்கேயும் ஹாலெப்புக்குத் தோல்வி.

கடைசியில் அக்டோபரில் பெய்ஜிங்கில் நடந்தது. முதலில் ஷரபோவாவை வென்றார். அரையிறுதியில் எதிரே வந்தது யார் என்றால் அதே ஓஸ்டபென்கோ. 6-2, 6-4. அக்டோபர் 9, 2017 அன்று ருமேனியாவின் முதல் பெண் நம்பர் ஒன் ஆனார். சொல்லிவைத்த மாதிரி அந்த ஓஸ்டபென்கோவையே தாண்டித்தான் அங்கே போக வேண்டியிருந்தது.

2018 ஜனவரி, மெல்போர்ன். உலகின் முதலிட வீராங்கனைக்கு உடை தர ஒரு நிறுவனமும் இல்லை. பழைய ஒப்பந்தம் முடிந்திருந்தது, புதியது கையெழுத்தாகவில்லை. சீனாவிலிருந்து வாங்கிய, எந்தச் சின்னமும் இல்லாத சிவப்பு உடையில் ஆடினார். எனக்கு அந்த உடை ரொம்பப் பிடிக்கும். முதல் சுற்றிலேயே கணுக்கால் பிசகியது. மூன்றாவது சுற்றில் அமெரிக்காவின் லாரன் டேவிஸோடு 4-6, 6-4, 15-13. கடைசி செட் மட்டும் 28 கேம். மொத்தம் 3 மணி 44 நிமிடம், மூன்று மேட்ச் பாயின்ட்களைக் கடந்து வந்தார். அரையிறுதியில் ஆஞ்சலிக் கெர்பரோடு 6-3, 4-6, 9-7. அங்கேயும் இரண்டு மேட்ச் பாயின்ட். இறுதிப் போட்டியில் கரோலின் வோஸ்னியாக்கி. அவருக்கும் அதுவரை டென்னிஸின் நான்கு பெரிய போட்டிகளான கிராண்ட் ஸ்லாம்களில் ஒன்றுகூடக் கிடையாது. இரண்டு பேரும் மாறி மாறித் தளர்ந்து, மாறி மாறி எழுந்து, கடைசியில் 7-6, 3-6, 6-4 என்று வோஸ்னியாக்கி ஜெயித்தார். உடம்பில் நீர் வற்றிப்போய் ஹாலெப் அன்று இரவை மருத்துவமனையில் கழித்தார்.

மூன்று கிராண்ட் ஸ்லாம் இறுதிப் போட்டிகள், மூன்றும் மூன்று செட் தோல்விகள். ஆனால் இந்த மூன்றாவது தோல்வியில் ஒரு வித்தியாசம் இருந்தது. இந்தத் தடவை அவர் யாரையும் திட்டவில்லை, தன்னையும்தான்.

இங்கே ஒரு பெரியம்மாவைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. பெரியம்மா என்று மரியாதையோடுதான் சொல்கிறேன். விர்ஜினியா ருசிச். 1955இல் பிறந்தவர். 1978இல் பிரெஞ்ச் ஓபன் இறுதிப் போட்டியில் முந்தின வருடச் சாம்பியன் மிமா யாவ்ஷோவெட்ஸை 6-2, 6-2 என்று வென்றவர். கம்யூனிஸ்ட் ஆட்சிக் கால ருமேனியாவிலிருந்து வந்து கிராண்ட் ஸ்லாம் ஒற்றையர் பட்டம் எடுத்த முதல் பெண். அவருக்குப் பிறகு நாற்பது வருடம் எந்த ருமேனியப் பெண்ணுக்கும் அது கிடைக்கவில்லை. அதே ருசிச்தான் ஹாலெப்பின் மேலாளர். ஜூனியர் காலத்திலிருந்தே கூட இருந்தவர். ஹாலெப் தோற்ற ஒவ்வொரு இறுதிப் போட்டியிலும் அந்த நாற்பது வருடக் கணக்கின் பாரம் அவர் தலையிலும் கொஞ்சம் ஏறியிருக்கும்.

ருசிச் பற்றி இன்னொரு கதை உண்டு. அவர் ஒரு போட்டியில் ஜெயித்து 40,000 டாலர் காசோலை வாங்குவதை அமெரிக்காவில் ஒருவர் டிவியில் பார்த்தார். நான்கு நாள் ஆடினால் இவ்வளவு பணமா, அப்படியானால் என் பெண்கள் டென்னிஸ்தான் ஆடப்போகிறார்கள் என்று முடிவுகட்டினார். அவர் பெயர் ரிச்சர்ட் வில்லியம்ஸ். வீனஸ், செரீனாவின் அப்பா. இதை அவரே பலமுறை சொல்லியிருக்கிறார். இந்தக் கதையைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

2018 ஜூன் 9. மறுபடி பாரிஸ், மறுபடி சனிக்கிழமை சாயங்காலம், மறுபடி நான் சோபா நுனியில். எதிரில் அமெரிக்காவின் ஸ்லோன் ஸ்டீஃபன்ஸ், முந்தின வருட யு.எஸ். ஓபன் சாம்பியன். முதல் செட் 6-3 ஸ்டீஃபன்ஸுக்கு. இரண்டாவதிலும் 2-0 முன்னிலை. நான் எழுந்து சமையலறைக்குப் போய்விட்டேன், பார்க்கத் தைரியம் இல்லை. அம்மாதான் உள்ளே இருந்து குரல் கொடுத்தார், "வந்து பாரு, உன் பொண்ணு விடமாட்டேங்கிறா." வந்து பார்த்தால் நான்கு கேம் வரிசையாக எடுத்திருந்தார். முந்தின வருடம் முன்னிலையில் இருந்து விட்டதை, இந்த வருடம் பின்னால் இருந்து பிடித்தார். பந்து ஒன்றைத் தவறவிட்டதும் ஒரு மூச்சு, ராக்கெட்டின் நரம்பைச் சரி செய்வது, அடுத்த பந்து. அவ்வளவுதான். மூன்றாவது செட்டில் 5-0. கடைசியில் 3-6, 6-4, 6-1.

காஹில் இருந்த பக்கம் ஓடி ஏறிக் கட்டிக்கொண்டார். அழுதார், சிரித்தார். அம்மா கேட்டார், "இப்பதான் சிரிச்சுப் பாக்குறேன், இவ்வளவு அழகா சிரிப்பாளா?" மறுநாளைக்கு மறுநாள் புக்கரெஸ்டின் தேசிய அரங்கத்தில் கோப்பையோடு போய் நின்றார், ஆயிரக்கணக்கான பேர் வந்திருந்தார்கள். ருசிச்சிடம் இருந்த பட்டம் நாற்பது வருடம் கழித்து அவரே வளர்த்த பெண்ணிடம் வந்து சேர்ந்தது.

விம்பிள்டன் கதை இதற்கு நேர் எதிர். அதில் போராட்டமே இல்லை. சின்ன வயதில் ஹாலெப்பின் அம்மா சொன்னாராம், டென்னிஸில் ஏதாவது சாதிக்க வேண்டும் என்றால் விம்பிள்டன் இறுதிப் போட்டி ஆட வேண்டும் என்று. புல்தரை தனக்குச் சரிப்படாது என்றே பல வருடங்கள் நினைத்திருந்தவர் ஹாலெப். 2019இல் காஹில் குடும்பத்தோடு இருக்க ஒரு வருடம் ஓய்வு எடுத்திருந்தார், ருமேனியப் பயிற்சியாளர் டானியல் டோப்ரேதான் கூட இருந்தார். நான்காவது சுற்றில் 15 வயது கோகோ காஃப். அரையிறுதியில் ஸ்விட்டோலினா, 6-1, 6-3. இறுதிப் போட்டியில் செரீனா வில்லியம்ஸ். அவருக்கு வேண்டியது 24ஆவது கிராண்ட் ஸ்லாம்.

ஜூலை 13. மேட்ச் தொடங்கி 56ஆவது நிமிடத்தில் முடிந்துவிட்டது. 6-2, 6-2. அந்த 56 நிமிடமும் ஹாலெப் தானாகச் செய்த தவறுகள் மொத்தம் மூன்று. மூன்றே மூன்று! செரீனா தன் முழு பலத்தோடு அடித்த பந்துகள் எல்லாம் இன்னொரு முறை திரும்பி வந்தன, அதற்கும் மேல் ஒரு முறை திரும்பி வந்தன. ருமேனியாவின் பழைய டென்னிஸ் நட்சத்திரம் இலி நஸ்டாசே இரண்டு முறை இறுதிப் போட்டி வரை வந்தும் எடுக்க முடியாத விம்பிள்டன் அது. ஒற்றையரில் ஆணோ பெண்ணோ ருமேனியாவுக்கு அதற்கு முன் அது கிடைத்ததே இல்லை. ருசிச் வாங்கிய காசோலையைப் பார்த்து டென்னிஸுக்கு வந்த ஒரு குடும்பத்தின் மகளை, ருசிச்சின் மாணவி மாதிரியான ஒரு பெண் சென்டர் கோர்ட்டில் வென்றார். இதை யாரும் திட்டமிட்டு அமைத்திருக்க முடியாது.

அதற்குப் பிறகு கொஞ்சம் வேகமாகச் சொல்கிறேன். 2020இல் துபாய், ப்ராக், ரோம் என்று மூன்று பட்டங்கள். 2021இல் ரோமில் கெண்டைக்கால் தசை கிழிந்து பிரெஞ்ச் ஓபன், விம்பிள்டன், ஒலிம்பிக்ஸ் மூன்றும் போயின. 2022இல் பாட்ரிக் முராடோக்லூவிடம் பயிற்சிக்குப் போனார். பிரெஞ்ச் ஓபனில் மேட்சுக்கு நடுவில் பதற்றத் தாக்குதல் வந்து மூச்சு விட முடியாமல் போனது, அதையும் மறைக்காமல் அப்படியே சொன்னார். விம்பிள்டனில் அரையிறுதி வரை போனார். ஆகஸ்டில் டொரான்டோவில் பட்டம். அது அவருடைய 24ஆவது பட்டம். கடைசிப் பட்டமும் அதுதான் என்று அன்று யாருக்கும் தெரியாது.

அந்த மாதக் கடைசியில் யு.எஸ். ஓபனில் எடுத்த சிறுநீர் மாதிரியில் ரோக்சாடுஸ்டாட் என்ற மருந்து இருந்தது. சிறுநீரக நோயாளிகளுக்கு வரும் ரத்தசோகைக்குக் கொடுக்கும் மாத்திரை அது. உடம்பில் சிவப்பணுக்களைக் கூட்டும். அதனால் விளையாட்டு வீரர்களுக்குத் தடை. அக்டோபர் 7, 2022 அன்று ஹாலெப்பைத் தற்காலிகமாக விலக்கினார்கள். நான் வேண்டுமென்றே எதையும் எடுக்கவில்லை, நான் சாப்பிட்ட ஒரு சத்துப்பொருளில் கலந்திருக்கிறது என்றார். அடுத்த வருடம் மே மாதம் ரத்த அளவுகளின் பதிவை வைத்து இரண்டாவதாக ஒரு குற்றச்சாட்டு வந்தது. 2023 செப்டம்பரில் நான்கு ஆண்டுத் தடை. அப்போது அவருக்கு வயது கிட்டத்தட்ட 32. நான்கு வருடம் என்றால் கதை முடிந்தது என்று பொருள்.

அவர் சுவிட்சர்லாந்தின் லோசானில் உள்ள விளையாட்டு நடுவர் மன்றத்துக்குப் போனார். 2024 மார்ச் 5 அன்று தீர்ப்பு வந்தது. தடை ஒன்பது மாதமாகக் குறைந்தது. அவர் வேண்டுமென்று செய்யவில்லை, மருந்து அந்தச் சத்துப்பொருள் வழியாகத்தான் உள்ளே போயிருக்கிறது, கவனமாக இருந்திருக்க வேண்டியதில் அவர் பக்கம் குறை உண்டு என்றது மன்றம். ரத்தப் பதிவுக் குற்றச்சாட்டைத் தள்ளிவிட்டது. அந்த ஒன்பது மாதம் 2023 ஜூலை 6ஆம் தேதியே முடிந்திருந்தது. அதாவது, தண்டனை ஒன்பது மாதம், ஆனால் அவர் வெளியே நின்றது சுமார் பதினேழு மாதம்.

இந்தக் கணக்கு எனக்கு இன்றும் ஜீரணமாகவில்லை. உடம்புக்குள் தடை செய்த மருந்து இருந்தால் அதற்கு வீரர்தான் பொறுப்பு என்ற விதியை நான் எதிர்க்கவில்லை. அந்த விதி இல்லாவிட்டால் ஏமாற்றுபவர் எல்லாரும் "தெரியாது" என்று தப்பிவிடுவார்கள். ஆனால் ஒருவர் குற்றவாளியா இல்லையா என்று சொல்ல ஒன்றரை வருடம் எடுத்துக்கொண்டால், அந்த ஒன்றரை வருடத்தை யார் திருப்பிக் கொடுப்பார்கள்? 2024இல் போலந்து வீராங்கனை இகா ஷ்வியான்டெக்கின் மாதிரியில் வேறொரு மருந்து வந்தபோது சில மாதங்களில் விசாரணை முடிந்து ஒரு மாதத் தடை என்று தீர்ந்தது. அது தூக்கத்துக்கான மருந்தில் கலந்து வந்தது, சூழ்நிலை வேறு, அதை ஒப்புக்கொள்கிறேன். ஷ்வியான்டெக் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. ஆனாலும் ஏன் இவ்வளவு வித்தியாசம் என்று ஹாலெப் வெளிப்படையாகக் கேட்டார். கேட்க அவருக்கு உரிமை இருக்கிறது. முப்பது, முப்பத்தொன்று, முப்பத்திரண்டு என்ற வயதில் ஒரு டென்னிஸ் வீராங்கனைக்குப் பதினேழு மாதம் என்பது மிச்சமிருக்கும் ஆயுளில் பாதி.

அந்தக் காலத்தில் அவர் கொடுத்த பேட்டிகளை எல்லாம் தேடித் தேடிப் பார்த்தேன். நான் பயந்தது ஒன்றுக்குத்தான். பழைய பழக்கம் திரும்பி வந்துவிடுமோ, தன்னைத் தானே தின்றுகொள்வாரோ என்று. அப்படி நடக்கவில்லை. களைத்திருந்தார், அழுதார், கோபப்பட்டார். ஆனால் "நான் தப்பு செய்யவில்லை" என்ற ஒரு வரியில் மட்டும் ஒரு நாளும் தடுமாறவில்லை.

2024 மார்ச்சில் மயாமியில் திரும்பி வந்தார். ஏழு வருடம் முன்பு காஹில் விட்டுவிட்டுப் போன அதே மயாமி. முதல் செட்டை பவுலா படோசாவிடம் 6-1 என்று எடுத்தார், அடுத்த இரண்டையும் இழந்தார். அதற்குப் பிறகு முழங்காலும் தோளும் ஒத்துழைக்கவில்லை. எண்ணிச் சொல்லும் அளவுக்குத்தான் ஆட முடிந்தது. 64 வாரம் முதலிடத்தில் இருந்தவரின் தரவரிசை 870க்குப் போனது.

2025 பிப்ரவரி 4, க்ளூஜ் நகரம், டிரான்சில்வேனியா ஓபன். சொந்த நாட்டு ரசிகர்கள் முன்னால் இத்தாலியின் லூசியா ப்ரோன்செட்டியிடம் 6-1, 6-1 என்று தோற்றார். மேட்ச் முடிந்ததும் மைக்கை வாங்கி ருமேனிய மொழியில் பேசினார். இதுதான் கடைசி என்றார். எனக்கு அந்த மொழி தெரியாது, பிறகு மொழிபெயர்ப்பைப் படித்தேன். உடம்பு இனி அந்த உயரத்துக்கு வராது, அங்கே போக என்ன வேண்டும் என்று எனக்குத் தெரியும், மனது நிம்மதியாக இருக்கிறது என்ற பொருளில் பேசியிருந்தார். கண் கலங்கியிருந்தது, குரல் உடையவில்லை. அரங்கம் எழுந்து நின்று அவர் பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டே இருந்தது.

அன்று இரவு வரைபடத்தில் க்ளூஜைத் தேடினேன், அவர் கடைசியாக ஆடிய இடம் எங்கே இருக்கிறது என்று பார்க்க. அதே மாவட்டத்தில் கொஞ்சம் தள்ளி கம்பியா துர்சி என்று ஒரு சின்ன ஊர் தெரிந்தது. விர்ஜினியா ருசிச் பிறந்த ஊர்.